ரசீது இல்லாத விளையாட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே ஆலையில் வேலை பார்க்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நிரந்தரப் பணியிலுள்ள மேலாளர். அவருடைய சம்பளப் பட்டியலில் எல்.டி.ஏ. என்கிற விடுப்புப் பயணப் படி இருக்கிறது. குடும்பத்தோடு விமானத்தில் ஸ்ரீநகர் போய்வந்தால் அந்தக் கட்டணத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவு விலக்குத் தந்துவந்தது. மற்றவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. வார லீவு அன்று மனைவி பிள்ளைகளோடு பொன்னேரி வந்து, பஸ் மாறிப் பழவேற்காடு போகிறார். ஏரியையும் கடலையும் டச்சுக்காரர் கல்லறைகளையும் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்புகிறார். இவருக்கு எந்தப் பிரிவிலும் எதுவும் இல்லை. மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நடக்கவும் விளையாடவும் ஊர் பார்க்கவும் அரசு தன் வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனை பல நாடுகளில் நெடுநாளாக இருக்கிறது. நம்மிடம் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இந்த இரண்டு பயணங்களே முதல் சான்று.

10(5) பிரிவின் விதிகளைப் பாருங்கள். நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு உண்டு. 2022 முதல் 2025 வரை அப்படி ஒரு தொகுப்பு. பயணம் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். போக்குவரத்துக் கட்டணம் மட்டுமே கணக்கில் வரும். அறை வாடகை, சாப்பாடு, போன இடத்தில் சுற்றிப் பார்த்த செலவு எதுவும் வராது. ஆகவே தூரம் கூடினால் சலுகை கூடும், பக்கத்து இடம் என்றால் ஒன்றுமில்லாமல் போகும். திருவள்ளூர் மாவட்டத்தில் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கொசஸ்தலை ஆற்றில் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அதன் அருகில்தான். அந்தக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குடியம் குகைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் பழவேற்காடு இருக்கிறது. இத்தனையும் அரை நாள் பயணத்தில் அடங்கும். அந்த அரை நாள் பயணத்துக்குத்தான் இந்தச் சட்டத்தில் மதிப்பே இல்லை.

இந்தச் சலுகையின் உள்நோக்கம் 2020 அக்டோபரில் வெளிப்பட்டது. கொரோனாவால் யாரும் பயணம் போக முடியாத நேரம். பயணம் போகாமலே விலக்குப் பெற மத்திய அரசு ஒரு வழி திறந்தது. பயணக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குத் தொகைக்கு, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளையோ சேவையையோ 2021 மார்ச் 31-க்குள் மின்னணு முறையில் பணம் கட்டி வாங்க வேண்டும். சந்தை முடங்கிக் கிடந்த காலத்தில் அது நியாயமான பொருளாதார நடவடிக்கைதான்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயணத்துக்குப் பதில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினாலும் போதும் என்று ஒரு சலுகையை அவ்வளவு எளிதாக மாற்ற முடிகிறது என்றால், அது முதலிலிருந்தே ஓய்வுக்காக இருந்ததா, செலவுக்காக இருந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மேலாளருக்குமே அது தேய்ந்து வருகிறது. 2020 பட்ஜெட்டில் வந்து, 2023-24 முதல் இயல்பான முறையாகிவிட்ட புதிய வருமான வரித் திட்டத்தில் எல்.டி.ஏ. விலக்குக் கிடையாது. தொழிலாளிக்கு வேறு கதை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 75,000 ரூபாயும் சேரும். கும்மிடிப்பூண்டி உருக்காலையிலோ தேர்வாய்க்கண்டிகை டயர் தொழிற்பேட்டையிலோ காக்களூர் சிட்கோ பட்டறையிலோ வேலை பார்க்கும் பெரும்பான்மையோர் அந்த எல்லையின் அருகில்கூட வருவதில்லை. அவர்கள் வருமான வரி கட்டுவதில்லை. கட்டாத வரியில் விலக்குத் தர யாராலும் முடியாது. நாளைக்கே விளையாட்டுச் செலவுக்கென்று புதிதாக ஒரு கழிவு கொண்டுவந்தாலும், அது போய்ச் சேருவது மேலே இருக்கும் சிறு கூட்டத்துக்கு மட்டுமே.

வருமான வரியில் நிலைமை இது. ஜி.எஸ்.டி. பக்கம் வந்தால் கொஞ்சம் நம்பிக்கை பிறக்கிறது. மறைமுக வரி ஏழையிடமும் வசூலாகிறது. ஆகவே அதைக் குறைத்தால் ஏழைக்கும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. மட்டை, பந்து போன்ற விளையாட்டுப் பொருள்களுக்கும் அதே இறக்கம். திறந்தவெளி ஓய்வுக்கென நம் நாட்டில் தரப்பட்ட வரிச் சலுகைகளில் இதையே சிறந்தது என்பேன். விண்ணப்பம் வேண்டாம், பான் எண் வேண்டாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். கடையில் விலை குறைந்திருக்கும். வரிக்கு முன் 6,000 ரூபாய் விலையுள்ள சைக்கிளில் 420 ரூபாய் மிச்சம். ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவருக்கு இது கைக்குத் தெரியும் காசு. வடமாநிலத் தொழிலாளர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு மாறி மாறி ஓட்டுவதைச் சிப்காட் சாலைகளில் பார்க்கலாம். அவர்களுடைய பிரேக் கட்டைக்குக்கூட இந்தக் குறைப்பு போய்ச் சேருகிறது.

அங்கும் ஒரு கோணல் உண்டு. வெளிநாட்டுக் கியர் சைக்கிளுக்கும் இதே விகிதம்தான். வரிக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் விலையுள்ள சைக்கிள் வாங்குகிறவருக்கு 7,000 ரூபாய் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டுகிறவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை, அவரும் ஓட்டட்டும். ஆனால் 420 ரூபாய்க்கும் 7,000 ரூபாய்க்கும் இடையிலான வேறுபாட்டை எவரும் முடிவு செய்யவில்லை, சதவீதம் தானாகச் செய்கிறது. இதோடு தமிழ்நாட்டின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-இல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது அது. வரியைக் குறைத்துச் சைக்கிள் வாங்கச் சொல்லவில்லை, சைக்கிளையே கொடுத்தது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் நிற்கும் முதல் சைக்கிள் பிள்ளைக்கு வந்த சைக்கிள்தான். ஒரு ரூபாயைச் சலுகையாக விடுவதும் அதே ரூபாயைப் பொருளாகத் தருவதும் ஒன்றல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

தங்கும் அறை விஷயத்தில் ஜி.எஸ்.டி. போன பாதை விசித்திரமானது. நாள் வாடகை 1,000 ரூபாய்க்குள் இருந்த அறைக்கு 2022 ஜூலை வரை வரி இல்லை. அந்த மாதம் 18-ஆம் தேதி 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரையுள்ள எல்லா அறைகளுக்கும் 5 சதவீதம் என்றார்கள். சலுகை என்று எல்லோரும் பாராட்டினார்கள். 7,000 ரூபாய் அறைக்கு அது சலுகைதான். 800 ரூபாய் லாட்ஜில் தங்குகிறவர் இன்றும் 2022 ஜூலைக்கு முன்பு கட்டாத வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 2017 ஜூலையில் 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு மேல் இன்னொரு வரி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் வாங்கும் கேளிக்கை வரி அது. திருப்போரூர் அருகே வந்திருக்கும் வொண்டர்லா பூங்காவுக்கு அந்த வரியிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தது. அதன் பிறகே நிறுவனம் கட்டுமானத்தை முடுக்கியது. வேலைவாய்ப்பு வரும், சுற்றியுள்ள ஊர்களில் வியாபாரம் பெருகும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. பெரிய முதலீட்டை இழுக்க வரிச் சலுகை வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டும்கூட. என் மனக்குறை வேறு. விட்டுக்கொடுக்கப்பட்ட வரி உள்ளாட்சிக்கு வர வேண்டிய வரி. ஊர்ப் பொது மைதானத்தைச் சமன்படுத்தவும், விளக்குப் போடவும், ஏரிக்கரையில் நடைபாதை அமைக்கவும் பயன்படக்கூடிய ஒரு வருவாயை விட்டுக்கொடுத்து, ஒருவர் நுழைவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டும் பூங்காவை வளர்க்கிறோம். காசுள்ளவர் விளையாட இடம் வந்தது. அந்த இடத்துக்கு விலை கொடுத்தது காசில்லாதவரின் மைதானம்.

மூலக் கோளாறு எங்கே என்றால், வரி என்பது பணம் கைமாறும் இடத்தில் மட்டுமே நிற்கும். பணம் கைமாறாத இடத்தில் அது நுழையவும் முடியாது, விலகவும் முடியாது. எளிய மக்களின் விளையாட்டும் ஓய்வும் பெரும்பாலும் பணம் கைமாறாதவை. வற்றிய ஏரிக்குள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், கோயில் திடலில் கபடி, கிணற்றில் நீச்சல், ஆரணியாற்றங்கரையில் தூண்டில், சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு நடை, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காணும் பொங்கலுக்குக் கூட்டமாகப் பழவேற்காடு. இதில் எதற்கும் ரசீது இல்லை. ரசீது இல்லாத இடத்தில் சலுகைக்கு வேலை இல்லை. ஆகவே வரிச் சலுகை என்ற கருவியை மட்டும் நம்பினால், ரசீது கொடுக்கும் விளையாட்டு வளரும், ரசீது கொடுக்காத விளையாட்டு தேயும்.

கனடாவின் அனுபவம் இதையே சொல்கிறது. பிள்ளைகளை விளையாட்டு வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு 2007-இல் அங்கே ஒரு வரிக் கழிவு கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 500 டாலர் வரை செலவு காட்டலாம். அதில் 15 சதவீதம், அதாவது 75 டாலர் வரியில் கழியும். குறைந்த வருமானமுள்ள பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களும் குறைவாகவே கோரினார்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்திருந்த வீடுகள் பயன்பெற்றன. 2015-இல் வரி கட்டாதவருக்கும் பணமாகக் கிடைக்கும்படி திருத்தினார்கள். நல்ல திருத்தம். அது வேரூன்றுவதற்குள் 2016 பட்ஜெட்டில் அடுத்த அரசு திட்டத்தையே முடித்துவிட்டது. பிரிட்டனில் 1999 முதல் வேலைக்குச் சைக்கிளில் போக ஒரு திட்டம் இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பகுதியை வரிக்கு முன்பே விட்டுக்கொடுத்துச் சைக்கிள் பெறலாம். பல லட்சம் பேர் சைக்கிள் ஏற அது உதவியது. ஆனால் அந்தக் கழிவு சம்பளத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். எனவே குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர் அதில் சேரவே முடியாது. பணக்கார நாட்டிலேயே கடைசி மனிதர் வெளியில் நிற்கிறார். ஸ்வீடன் கொஞ்சம் தெளிவாக யோசித்தது. ஊழியரின் உடற்பயிற்சிக்கு நிறுவனம் ஆண்டுக்கு 5,000 குரோனர் வரை வரியில்லாமல் கொடுக்கலாம்; ஆனால் எல்லா ஊழியருக்கும் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனையில்தான் அதன் உயிர் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்குக் குறைவாக இருப்பது என்ன? 420 ரூபாயை விடவும் முன்னால் நிற்பவை மூன்று: இடம், நேரம், காற்று.

இடத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு ஊருக்கும் மந்தைவெளி இருந்தது, மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, ஏரி இருந்தது. மாடு மேய்ந்த இடமே பிள்ளைகள் ஓடிய இடம். கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்க்கண்டிகையில் ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திவந்த சுமார் 1,100 ஏக்கர் பொது நிலமும் காடும் சிப்காட் வளாகமாயின. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர் அது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அங்கே மிஷெலின் டயர் ஆலை வந்த விவகாரம் 2012-இல் பாரிஸில், பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிகளைக் கவனிக்கும் பிரெஞ்சுத் தொடர்பு அலுவலகம் வரை புகாராகப் போனது. அந்தப் போராட்டத்தை வேலை, நிலம், நீர் என்ற சொற்களில் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் காடு அந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டிடமும்கூட. அந்த இழப்பு எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வரவில்லை. அதன் பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்க்கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. கொள்ளளவில் சென்னைக்கான ஐந்தாவது குடிநீர் நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21-இல் திறக்கப்பட்டது. சென்னையின் தாகத்துக்கு அது தேவை. அதன் நீண்ட கரையில் காலையும் மாலையும் ஊரார் நடக்க ஒரு பாதையும் சில மர நிழலும் போட்டுத் தர, வரிச் சலுகையே தேவையில்லை. நீர்வளத்துறையின் ஓர் உத்தரவு போதும்.

ஆலைகளுக்குள்ளே பசுமை இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய ஆலைகளுக்கு வளாகத்தில் மூன்றில் ஒரு பங்குப் பசுமைப் பட்டை வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்த மரங்கள் மதில் சுவருக்குள் நிற்கின்றன. கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை, தூசி, நடைபாதை இல்லாத சாலை. தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டி சைக்கிளில் போகிறவர் கன்டெய்னர் லாரிக்கும் வடிகாலுக்கும் இடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். சைக்கிளுக்கு வரி குறைத்த அரசு அதை ஓட்டச் சாலை கொடுக்கவில்லை.

நேரம் அடுத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்றது. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தேசிய, பண்டிகை விடுமுறைகளாக ஆண்டுக்கு ஒன்பது நாள் தந்தது. நூலில் இருப்பது இது. நடப்பில் ஓ.டி. பார்க்காமல் குடும்பம் ஓடாது. காண்ட்ராக்ட்டில் இருப்பவர் லீவு எடுத்தால் அன்றைய கூலி போகும். பெண் தொழிலாளிக்கு ஷிப்ட் முடிந்ததும் வீட்டு வேலை என்ற இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21-இல் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். திறந்தவெளியில் மக்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிற எவரும் அந்த வெற்றியை எந்த வரிச் சலுகையை விடவும் பெரிதாக எண்ண வேண்டும்.

காற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் அந்தோணிப்பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தர நிலையம் இருக்கிறது. அதன் அளவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம். உருக்காலைப் புகை இறங்கும் இரவில் பிள்ளைகளை வெளியே ஓடியாடச் சொல்வது ஆரோக்கியத்துக்கான அறிவுரை ஆகாது. இங்கே முதல் விளையாட்டுத் திட்டம் புகைபோக்கியில் தொடங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில், தன் தொழிலாளிக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய நினைக்கும் ஒரு நிறுவனத்தை வரிச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா ஊழியருக்கும் பொதுவாக நிறுவனம் தரும் விளையாட்டு வசதியை ஊழியரின் வருமானமாகக் கருத மாட்டோம் என்கிறது வருமான வரி விதி. நல்லது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவோ கிளப் உறுப்பினர் கட்டணம், உடற்பயிற்சி மையம், ஊழியரின் விடுப்புப் பயணம் ஆகியவற்றுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது என்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்பு நிதியில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடலாம். ஆனால் 2014-இல் வந்த திருத்தப்படி அந்தச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது, 2023 அக்டோபர் முதல் அதற்கு உள்ளீட்டு வரி வரவும் இல்லை. சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்தால் அது சமூகப் பொறுப்புக் கணக்கிலேயே வராது. விமானத்தில் போகிறவருக்கு ஒரு காலத்தில் கதவைத் திறந்து வைத்த சட்டம், ஆலை வாசலில் மைதானம் கேட்டால் மூன்று கதவுகளைச் சாத்துகிறது.

அதே 17(5) பிரிவில் ஒரு சாவியும் இருக்கிறது. ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் நிறுவனம் தன் ஊழியருக்குக் கட்டாயம் தந்தாக வேண்டிய வசதி என்றால், இப்படி மறுக்கப்பட்ட வரவு கிடைக்கும். 250 தொழிலாளருக்கு மேல் இருந்தால் கேன்டீன் கட்டாயம் என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால்தான் இன்று ஆலைகளில் சோறு கிடைக்கிறது. விளையாட்டு வசதியையும் மாநில விதிகளில் அப்படிக் கட்டாயமாக்கினால் மத்திய அரசிடம் கையேந்தாமலே வரிச் சலுகையின் ஒரு பகுதி திறந்துகொள்ளும்.

வரியை விடுவதற்கு நேர் எதிரான ஒரு வழியும் உலகில் இருக்கிறது. வரியை வாங்கு, ஆனால் வெளியிடத்துக்கே திருப்பிக் கொடு என்பது. அமெரிக்காவில் 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிகள் மீதான கலால் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 1950-இல் தூண்டில் கருவிகள் மீதான வரி மீன்வளத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1964-இல் அமைந்த நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்குக் கடலடி எண்ணெய் எடுக்கும் உரிமைத் தொகையிலிருந்து பணம் வருகிறது. ஊர்ப் பூங்காக்கள் வரை அது போகிறது. இயற்கையை எடுத்துப் பயன்படுத்துகிறவர் இயற்கைக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கு இது. நமக்கும் புதிதல்ல. சுரங்கம் தோண்டும் இடத்து மக்களுக்காக 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. நிலத்தைத் தோண்டினால் நிதி உண்டு என்றால், நிலத்தை மதில் கட்டி எடுத்துக்கொண்டாலும் நிதி இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் மின்வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, மூலதன மானியம் எனப் பலவற்றைத் தந்தது. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களோடு திருவள்ளூரும் அதில் ‘ஏ’ பிரிவில் இருந்தது. ஏற்கெனவே தொழில் நிறைந்த பகுதி என்பதால் சலுகையும் குறைவு. குறைவாக இருந்தாலும் அது பெரிய பணம். ஓய்வுக்கான வரிச் சலுகையைத் தேடுகிறவர்கள் சைக்கிள் கடையிலும் விமான டிக்கெட்டிலும் தேடுகிறார்கள். அது இங்கே, தொழில் சலுகையின் நிபந்தனைகளில் இருக்க வேண்டும். சலுகை பெறும் ஆலை காண்ட்ராக்ட் தொழிலாளியும் பயன்படுத்தும்படி ஒரு மைதானம் தர வேண்டும், வார லீவை முறையாகத் தருவதைத் தணிக்கையில் காட்ட வேண்டும், சலுகைத் தொகையின் ஒரு சிறு பங்கு அந்தந்த ஊராட்சியின் மைதானக் கணக்குக்குப் போக வேண்டும்.

மறுப்புகள் வரும், சிலவற்றில் நியாயமும் இருக்கிறது. ரசாயன ஆலையின் பசுமைப் பட்டைக்குள் பொதுமக்களை விட முடியாது, அது ஆபத்து. அப்படிப்பட்ட ஆலை இடத்துக்குப் பதில் பணம் கட்டட்டும். நிபந்தனை கூடினால் முதலீடு எல்லை தாண்டி ஆந்திராவின் தடாவுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் போய்விடும் என்பார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும் தூரம், ஆகவே அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் ஆலை இடத்தைத் தேர்வது துறைமுகம், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் ஆகியவற்றைப் பார்த்து. ஒரு மைதானத்தின் செலவு அந்தத் தராசைச் சாய்க்கும் என்று நான் நம்பவில்லை. ஓடி விளையாடி நன்றாகத் தூங்கும் தொழிலாளி மறுநாள் எந்திரத்தின் முன் கவனத்தோடு நிற்பார் என்பதை ஆலைக்காரர்களும் அறிவார்கள்.

மக்களை வெளியே வரச் சொல்லும் அரசுக்கு இன்னொரு கடமை உண்டு. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரைக் கொன்றது. அதன் பிறகே மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கியது. பாதுகாவலர், உயிர்காப்புச் சட்டை, முதலுதவி, கழிப்பறை இவை எதுவும் வரிச் சலுகையால் முளைக்காது. பணம் ஒதுக்கி ஆள் போட வேண்டும். விட்டுக்கொடுத்த வரி பட்ஜெட்டில் செலவாகத் தெரிவதில்லை. ஆனால் பழவேற்காட்டில் ஓர் உயிர்காப்பாளரை நியமிக்க நிதி இல்லை என்று சொல்லப்படும் நாளில் அந்த விட்டுக்கொடுத்த பணம்தான் குறைகிறது.

என் முடிவு இது. சைக்கிளுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் வரிக் குறைப்பு நீடிக்கட்டும். ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள அறைக்குப் பழையபடி முழு விலக்கு வேண்டும். வருமான வரியில் ஓய்வுக்கென்று இனி ஒரு புதிய கழிவும் வேண்டாம். உள்ளாட்சியின் கேளிக்கை வரியை விடுவதாக இருந்தால் அந்த இழப்பை மாநில அரசு தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். அடுத்த தொழில் கொள்கையை எழுதுகிறவர்கள் மேலே சொன்ன நிபந்தனைகளை அதில் சேர்க்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அந்த நான்கு நாள்களும் தொழிலாளிக்குச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை உள்ளவை. உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரை எவை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணோடு கேட்டு வாங்குங்கள். அந்த இடங்களைப் பொது விளையாட்டிடமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றும், வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்றும் தீர்மானம் போடுங்கள்.